பீரோ வாத்தியார்

பள்ளிக்கூட வாசலில் ஒற்றை முழங்காலைத் தரையில் ஊன்றி, ஒரு குட்டி ஷூவின் நாடாவை முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறார். முடிந்தது, எழுந்துவிடுவார் என்று பார்த்தால் அடுத்த கால் வந்து நிற்கிறது. அதற்குப் பின்னால் ஒரு மூக்கு. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டை வருகிறது. "ம்... ஊது. இன்னும் பலமா. பக்கத்து க்ளாஸுக்குக் கேக்கணும்" என்கிறார். மணியடிப்பதற்குள் அந்தப் பெரிய உடம்பு எத்தனை தரம் உட்கார்ந்து எழுந்தது என்று அவருடைய முழங்காலைத்தான் கேட்க வேண்டும்.

உடம்பு நிஜமாகவே பெரிது. விடுதியில் கூடப் படித்தவர்கள் வைத்த பேர் பீரோ. அது எப்படியோ தெருவரைக்கும் வந்துவிட்டது. தபால்காரரே "பீரோ வாத்தியார் வீடு" என்றுதான் வழி சொல்கிறார். இவருக்கு அதில் வருத்தம் கிடையாது. "பீரோதான், ஆனா கதவு கொஞ்சம் கிறீச்சிடும்" என்று முழங்காலைத் தட்டிக் காட்டுவார்.

இவ்வளவு பெரிய ஆள் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறார் என்பது யாருக்கும் செரிப்பதில்லை. முடிவெட்டுகிறவர் கத்திரியைச் சொடுக்கிக்கொண்டே, "உங்களுக்கென்ன சார், பாதி நாள் லீவு, மீதி நாள் பாட்டு" என்பார். சித்தப்பா ஒருத்தர் எந்த விசேஷத்தில் பார்த்தாலும் முதுகில் ஒன்று வைப்பார். "இன்னும் ஒண்ணாங்கிளாஸ்தானா? எப்பதாண்டா பாஸ் ஆவ?" டைல்ஸ் கடை வைத்திருக்கும் மாமனாரோ இன்னும் சாமர்த்தியம். "மாப்பிள்ளை கல்வித்துறையில இருக்கார்" என்று அறிமுகம் செய்துவிட்டு, எதிராளி அடுத்த கேள்விக்கு வாயைத் திறப்பதற்குள் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

வகுப்பில் பீரோ குரலை உயர்த்துவதில்லை. கூச்சல் கூடக் கூட இவர் குரல் இறங்கும். கடைசியில் முன்வரிசைக் குழந்தையின் காதில் ஏதோ கிசுகிசுப்பார். என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று அறை முழுக்க வாயை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டும். 'ழ' சொல்லிக்கொடுக்கிற நாளில் வாயை ஆவென்று திறந்து, நாக்கு எங்கே மடிகிறது என்று எல்லாரையும் வரிசையாக வந்து எட்டிப் பார்க்கச் சொல்வார்.

ஏதாவது ஒரு பிள்ளை யார் உதவியும் இல்லாமல் முதல் வார்த்தையைப் படித்துவிட்ட நாள் என்றால், வீட்டுக்குள் நுழையும்போதே தெரிந்துவிடும்.

"இன்னைக்கு ஒரு வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு."

மருந்துக்கடையில் நாள் பூராவும் நின்றுவிட்டு வந்த மனைவி, "எது?" என்பாள்.

"பென்சில் கடிக்கிறது."

"அப்பாடா" என்று அவள் உட்கார்ந்துகொள்வாள், தான் பெற்ற பிள்ளை கரையேறினதுபோல.

இந்த வருஷ வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். வாய் ஓயாது. "சார், நான் நேத்து ராத்திரி தும்முனேன்", "சார், எங்கப்பா அம்மாகிட்ட சாரி சொன்னாரு" என்று வீட்டுச் சேதி முழுவதையும் காலையிலேயே ஒப்பித்துவிடுவாள். இவர் அவளுக்கு ரேடியோ என்று பேர் வைத்திருந்தார்.

ஒருநாள் ரேடியோவின் அப்பா வந்தார். தலைமையாசிரியை அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சண்டைக்கு வந்தவர் இல்லை. சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

"உங்களத் தப்பா சொல்லல சார். காலம் சரியில்ல. பொம்பளப் புள்ள. சின்ன க்ளாஸுக்கு ஆம்பள வாத்தியார்னா வீட்டுல எல்லாருக்கும் ஒரு மாதிரியா இருக்கு. லேடி டீச்சர்னா நிம்மதி."

தலைமையாசிரியை மேசையைப் பார்த்தார். பீரோதான் முதலில் பேசினார். "அதுக்கென்னங்க, பக்கத்து ரூம்லயும் ஒண்ணாங்கிளாஸ்தான், அந்த டீச்சர் ரொம்ப நல்லவங்க. நாளைக்கே மாத்திடலாம்."

அன்று சாயங்காலம் வண்டி எதுவும் ஸ்டார்ட் ஆகவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். "அவர் கேட்டதுல என்ன தப்பு? நமக்கு ஒரு பொண்ணு இருந்தா நானும்..."

"நியாயம் பேசாதீங்க" என்றாள் அவள். "வலிக்குதுன்னு சொல்லுங்க."

அவர் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "வலிக்குது" என்றார். அதற்கப்புறம்தான், "மாமாகிட்ட கடைக்கு வர்றேன்னு சொல்லிடறியா?" என்று கேட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து மாமனார் கூப்பிட்டுக்கொண்டிருந்த வேலை அது. அவள் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள். "நீங்களே சொல்லுங்க. என் வாயால வராது."

மறுநாள் காலையில் ரேடியோ வழக்கம்போல வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். வீட்டில் யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. பீரோ அவளருகே குந்தி, இனிமேல் பக்கத்து அறையில்தான் அவளுக்குப் பாடம் என்றார். அங்கே ஜன்னல் பெரியது என்றார். ஜன்னல் வழியே மரம் தெரியும் என்றார்.

"நான் ஃபெயிலா சார்?"

"சேச்சே. அந்த டீச்சருக்கு நல்லாப் பேசற ஆள் ஒண்ணு வேணுமாம்."

அவள் திருப்தியாகப் பையை மாட்டிக்கொண்டு கையை நீட்டினாள். பீரோ அந்தக் கையைப் பார்த்தார். மேசைமேல் கிடந்த நீளமான மரஸ்கேலை எடுத்து ஒரு நுனியை அவளிடம் கொடுத்தார். மறுநுனியைத் தான் பிடித்துக்கொண்டார். நடுவில் ஒரு ஸ்கேல் தூரம் விட்டு இரண்டு பேரும் தாழ்வாரத்தில் நடந்தார்கள். அவளுக்கு அது புது விளையாட்டு. குதித்துக்கொண்டு போனாள். பக்கத்து அறை வாசலில், "டீச்சர், எங்க சார் கத்தவே மாட்டாரு. நீங்களும்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனாள்.

அந்த வாரக் கடைசியில் மாமனார் கடைக்குப் போனார் பீரோ. கல்லாவுக்குப் பக்கத்திலேயே இடம் போட்டிருந்தார்கள். குளியலறைக்கு டைல்ஸ் பார்க்க ஒரு தம்பதி வந்தது. கூட வந்த குழந்தை சிணுங்கியது. இவர் தரையில் உட்கார்ந்து மாதிரிக் கற்களைக் கறுப்பும் வெள்ளையுமாக அடுக்கி, அதனோடு பாண்டி ஆட ஆரம்பித்துவிட்டார். தம்பதி கடையிலேயே விலை கூடின பளபளப்பான கல்லைக் காட்டிக் கேட்டபோது, தலையைத் தூக்கி, "இது தண்ணி பட்டா வழுக்கும்ங்க. குழந்தை இருக்கிற வீட்டுக்கு வேணாமே" என்றார். அவர்கள் நன்றி சொல்லிவிட்டு வெறுங்கையோடு போனார்கள்.

மாமனார் கண்ணாடிக் கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெருமூச்சு விட்டார். கோபம்கூட வரவில்லை, பாவம்.

"மாப்பிள்ளை, நீங்க கல்வித்துறையிலயே இருங்க."

திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் மறுபடியும் முழங்கால் தரையைத் தொட்டது. ஆனால் ஒன்று மாறியிருந்தது. நாடாவை அவர் தொடுவதில்லை. "நீயே கட்டு, நான் சொல்றேன். முயல் காது மாதிரி ரெண்டு வளையம் பண்ணு" என்று வாயால்தான் கட்டுகிறார். கைக்குட்டையைக் கையில் கொடுத்துவிடுகிறார். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. மற்ற வகுப்புகளுக்கு முன்பாக அவர் பிள்ளைகள் நாடா கட்டக் கற்றுவிட்டார்கள் என்று தலைமையாசிரியை பாராட்டினார். மனைவி மட்டும், அவர் வீட்டுக்குள் நடக்கும்போதுகூடக் கையைப் பின்னால் கட்டியிருப்பதைக் கவனித்தாள்.

போன வாரம் ஒன்றாம் வகுப்புக்காரர்களை வேனில் ஏற்றி உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. பாதிப் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். பெற்றோர்கள் ஒவ்வொருவராக வந்து அள்ளிக்கொண்டு போக, பீரோ வாசல் கூரைக்கு அடியில், கையைப் பின்னால் கட்டியபடி, யார் யார் போயாயிற்று என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியாக ரேடியோவின் அப்பா வேனிலிருந்து இறங்கி ஓடி வந்தார். மகள் தோளில் வாய் பிளந்து தூங்குகிறாள். ஒரு கையில் அவள் பை, விரலில் தொங்கும் ஒற்றை ஷூ. கார் பக்கத்திலேயே நிற்கிறது. சாவி கால்சட்டைப் பைக்குள் எங்கேயோ அடியில் மாட்டிக்கொண்டது. இடுப்பை இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்த்தார். பை நழுவியது.

"சார், கொஞ்சம் பிடிங்க."

பையைத்தான் சொல்கிறார் என்று நினைத்து பீரோ கிட்டே போனார். அவர் நீட்டியது மகளை.

கட்டிய கைகள் அவிழவில்லை.

"பிடிங்க சார், முழிச்சுக்கப் போறா."

பீரோ இரண்டு உள்ளங்கைகளையும் சட்டையில் ஒருமுறை அழுத்தித் துடைத்தார். பிறகு நீட்டினார்.