மச்சான் முடிந்துவைத்த போல்ட்டுகள்

போன வாரம் கே.கே. நகரில் மகளின் காரை சர்வீசுக்கு விட்டிருந்தேன். பானெட்டைத் தூக்கினார்கள், உள்ளே இன்ஜினே தெரியவில்லை. மேலே கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் மூடி. ஆனால் சூடான ரப்பர் வாசனை மட்டும் எப்படியோ வந்துவிட்டது. கூடவே அக்கா ஞாபகமும். மற்றவர்களுக்கு அக்கா என்றால் மல்லிகைப்பூவோ மீன் குழம்போ நினைவுக்கு வரும். எனக்கு ஃபேன் பெல்ட். என்ன செய்வது, சொல்லுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். நூல் மில் ஒன்றில் நான் கிளார்க்காகச் சேர்ந்த புதிது. எங்கள் வீடு திருநகரில். அக்காவைத் திருவாதவூரில் கட்டிக் கொடுத்திருந்தோம். மச்சான் டாக்சி ஓட்டினார். பழைய பெட்ரோல் அம்பாசடர். புகை தள்ளுகிறது என்று இன்ஜினை வீட்டு வாசலிலேயே இறக்கி, சரிபண்ணி, மறுபடி உள்ளே உட்காரவும் வைத்துவிட்டார். அதில் மாட்ட வேண்டிய டைனமோ, வாட்டர் பம்ப், கார்புரேட்டர் எல்லாம் ஒரு சாக்கில் கிடந்தன. அந்த நேரம் பார்த்து மஞ்சள் காமாலை வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான் என்று இருந்துவிட்டார்கள். ஆடியில் படுத்தவர் ஆவணியில் இல்லை.

பிள்ளையும் இல்லாததால் அக்கா எங்களோடு வந்துவிட்டாள். சில மாதம் யாரோடும் பேசவில்லை. பிறகு ஒருநாள், அந்த வண்டியை இங்கே கொண்டுவர முடியுமா என்று கேட்டாள். அவள் மாமனார் தடை சொல்லவில்லை. கயிறு கட்டி இழுத்துவந்து வேப்பமரத்தடியில் நிறுத்தினோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை. மச்சான் பிரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள் அக்காதான். அதனால் எது எங்கே போகும் என்று ஓரளவு நினைவிருந்தது. எனக்கு ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதிலேயே சந்தேகம். என்னை நம்பி மில்லில் கணக்கைக் கொடுத்தார்களே தவிர, மிஷின் பக்கம் யாரும் விட்டதில்லை.

சாக்கை அவிழ்த்தால், ஒவ்வொரு சாமானுக்கும் உரிய போல்ட்டுகள் தனித்தனியாகத் துணியில் முடிந்து வைக்கப்பட்டிருந்தன. மச்சானின் நீலக் கட்டம் போட்ட லுங்கியைக் கிழித்த துணி. நான் பிளேடை எடுத்ததும் அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அறுக்காதடா. அவுக்கலாம்."

லாரிக்காரர்கள் தார்ப்பாயில் போடுகிற மாதிரி முடிச்சு. நகம் நோக நோக ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். வாட்டர் பம்ப் பொருந்துகிற இடத்தில் கசியாமலிருக்கக் காலண்டர் அட்டையை வெட்டி வைத்தோம், அப்படியும் தண்ணீர் பொசிந்தது. கழற்றி மறுபடி வைத்தோம். ஃபேன் பெல்ட் இறுகும்படி கடப்பாரையால் நெம்பி அக்கா டைனமோவை இழுத்துப் பிடிக்க, நான் போல்ட்டை முடுக்கினேன். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத் தலையாட்டினாள். கைநழுவி விழுந்த ஒரு நட்டைத் தேடி மண்ணைச் சலித்ததில் ஒருநாள் போயிற்று. அன்றைக்கு அக்கா சிரித்தாள்.

கடைசியில் கார்புரேட்டர் முடிச்சு ஒன்றுதான் மிச்சம். அதற்கு மட்டும் நாள் தள்ளிக்கொண்டே போனது. தலை குளித்திருக்கிறேன் என்றாள், வெயில் என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே எடுத்து, அவிழ்க்கட்டுமா என்று கேட்டேன்.

"அவுத்துட்டா, அவரு கட்டுனதுன்னு ஒண்ணுமே இருக்காதேடா."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தை வைத்துவிட்டு வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் அக்காவே அவிழ்த்தாள்.

இரவல் பேட்டரியில் ஸ்டார்ட் செய்தோம். இருமி இருமி, சட்டென்று பிடித்துக்கொண்டது. அக்கா மட்கார்டில் கையை வைத்து நின்றாள்.

"இதே சத்தந்தான்" என்றாள்.

விஷயம் திருவாதவூருக்குப் போனது. அக்காவின் மாமனார் இளைய மகனோடு வந்தார். அந்த வருஷம் மழையில்லை, விவசாயம் படுத்துவிட்டது. பையன் லைசென்ஸ் எடுத்திருக்கிறான். வண்டி அவர் பேரில்தான் இருந்தது. அதைக் கேட்கவே கூசி, தரையைப் பார்த்துத்தான் பேசினார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அம்புட்டு நாளு துருப்பிடிச்சுக் கெடந்தப்ப எங்க போனீக?"

"விடும்மா. ஓடுறதுக்குத்தான செஞ்சோம்" என்ற அக்கா, கொழுந்தனைப் பார்த்து, "பெல்ட்ட ரொம்ப இறுக்கிராதீக தம்பி. பேரிங் போயிரும்" என்றாள்.

திருமங்கலம் பக்கம் சவாரி கிடைத்தால் அந்தத் தம்பி எங்கள் தெரு வழியாகத்தான் போவார். அக்கா வெளியே வரமாட்டாள். கை வேலையை நிறுத்திவிட்டு, சத்தம் தெருமுனை தாண்டும்வரை அப்படியே இருப்பாள். மூன்று நான்கு வருஷம் இப்படி ஓடியது.

பிறகு ஒருநாள் அவர் வாசலிலேயே வண்டியை நிறுத்தி, சந்தோஷமாக அக்காவைக் கூப்பிட்டார். பெட்ரோல் கட்டுப்படியாகவில்லையாம். பழைய இன்ஜினை, அதில் மாட்டியிருந்த சாமான்களோடு, எடைக்குப் போட்டுவிட்டு, டீசல் இன்ஜின் வைத்திருந்தார். அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்போது எல்லாரும் செய்ததுதான். வண்டி வாசலில் தடதடவென்று அதிர்ந்துகொண்டு நின்றது.

அக்கா அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டாள். "நல்லாருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதன்பின் அந்த வண்டி தெருவில் போனால் அவள் தலை நிமிர்ந்ததில்லை.

வேப்பமரம் நின்ற இடத்தில் இப்போது மாடி வீடு. அம்மா போய், அக்காவும் போய்விட்டாள். அந்தப் பழைய இன்ஜின் சத்தம் எப்படி இருந்தது என்று எவ்வளவோ முயன்று பார்க்கிறேன், பிடிபடவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லை.