பஞ்சாலை குடித்த ஏழு கிளாஸ்

பஞ்சாலை தன் நாற்பத்திரண்டாவது வயதில் பிரான்ஸ் நாட்டுக்குப் போய், உட்கார்ந்த இடத்தில் ஏழு கிளாஸ் ஒயின் குடித்துவிட்டு வந்தாள். தொண்ணூற்றொன்றாம் வருஷம் நடந்தது. மலாய் நாட்டில், செனாவாங்கில் அவள் குடியிருந்த வீட்டு வரிசையில் போய் இதைச் சொன்னால் இன்றைக்கும் ஒருவரும் நம்பமாட்டார்கள். தெருவில் சாராய வாடை அடித்தால், அடுத்த வீட்டுக்காரனையும் சேர்த்து வைத்துத் திட்டுகிறவள் அவள்.

ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். பதின்மூன்று வயதில் அம்மாவோடு மரம் சீவிப் பால் எடுக்கப் போனாள். பத்தொன்பதில் சன்னாசிக்கு வாழ்க்கைப்பட்டாள். அவன் தோட்டத்து ரப்பர் பால் லாரியின் டிரைவர். நல்ல வேலைக்காரன், வாயாடி, பெயரில் மட்டும் சன்னாசி. கள்ளுக்கடை மூடிய பிறகும் அவனுக்குத் தாகம் அடங்காது. ரெம்பாவில் ஒரு கடையின் பின்பக்கம் போய் சம்சு என்ற மலிவுச் சாராயம் குடிப்பான். அவன் அடிக்கிற ஜாதி இல்லை. குடித்தால் விழுந்துவிடுவான், அவ்வளவுதான். அடி வாங்குவதைவிட விழுந்தவனைத் தூக்குவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் யாரையும் தூக்கிப் பார்க்காதவர்கள். பஞ்சாலை இருபது வருஷம் தூக்கினாள்.

எண்பத்தெட்டில் அவன் பால் லாரியைக் கொண்டுபோய்க் காண்டாவில், தோட்டத்துப் பெரிய வாய்க்காலில் இறக்கினான். ஒரு நாள் பால் முழுவதும் வெள்ளையாகக் காண்டாத் தண்ணீரோடு ஓடிற்று. தோட்டத்தில் வேலை போயிற்று. அன்றைக்குச் சாயங்காலமே பஞ்சாலை அவனைத் தோட்டத்து வாசலில் இருக்கும் முனியாண்டி கோயிலுக்கு இழுத்துப் போனாள். சூடம் அடித்துச் சத்தியம் செய்யவேண்டும் என்றாள். உள்ளங்கையில் சூடத்தை ஏற்றி, சாமி முன்னால் சொல்லவேண்டியதைச் சொல்லி, கையாலேயே அடித்து அணைப்பது. அப்படிச் செய்த சத்தியத்தை மீறத் தோட்டத்தில் எவனுக்கும் துணிச்சல் வராது.

பூசாரி மாயாண்டி அவளைவிடப் பத்து வயது சின்னவன். மற்ற நாட்களில் மோட்டார் சைக்கிள் ரிப்பேர் செய்வான். அவன் சன்னாசியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இவரு மட்டும் அடிச்சா பத்தாதுக்கா. வீட்டுல ரெண்டு பேரும் அடிக்கணும். ஒரே சூடம், ஒரே சத்தியம். அப்பத்தான் நிக்கும்” என்றான்.

“எனக்கென்ன வந்துச்சு? நான் என்ன குடிக்கிறவளா? கொண்டா” என்று கையை நீட்டினாள் பஞ்சாலை. சாகும்வரை ஒரு சொட்டுத் தொடமாட்டோம் என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள். அவன் தயங்கித் தயங்கி அடித்தான். அவள் தயங்காமல் அடித்தாள். அவளுக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

அந்த மாதமே செனாவாங்குக்கு வந்துவிட்டார்கள். அவன் ஒரு பேக்டரியில் வாசல் காவலுக்கு, ஜாகா வேலைக்குச் சேர்ந்தான். அவள் கையுறை செய்கிற பேக்டரியில் சேர்ந்தாள். சன்னாசி குடிக்கவில்லை. ஒரு மாதம், ஒரு வருஷம், மூன்று வருஷம். ஜெயித்துவிட்டோம் என்று பஞ்சாலை முடிவு கட்டினாள். அந்தக் கதை அதோடு தீர்ந்தது அவளுக்கு.

பேக்டரியில் அவள் வேறு ஒன்றுக்குப் பெயர் எடுத்தாள். கையுறையில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் மெஷினுக்குத் தப்பும், அவளுக்குத் தப்பாது. காற்றடைத்துக் கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு சுற்றுச் சுற்றுவாள்; கசியும் காற்று கன்னத்தில் தெரிந்துவிடும். “இது ஓட்டை” என்று தூக்கிப் போடுவாள். ஆஸ்பத்திரிகளுக்குக் கையுறை வாங்கி விற்கும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் பேக்டரியைப் பார்க்க வந்தபோது, அவள் தள்ளியதில் இருபதை எடுத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். இருபதும் ஒழுகின. தன்னுடைய ஆட்களுக்கு வந்து சொல்லிக்கொடுக்கவேண்டும் என்றார். ஆறு மாதத்தில், மேனேஜர் மிஸ் லிம்முடன் பஞ்சாலை பிளேன் ஏறினாள். புடவைக்கு மேல் சுவெட்டர், கைப்பையில் ஊறுகாய்.

லியோன் என்ற ஊரில் எட்டு நாள். கடைசிச் சனிக்கிழமை மத்தியானம் அந்த பிரெஞ்சுக்காரரும் அவர் மனைவியும் இவர்களை ஆற்றோரத்துக் கிராமம் ஒன்றுக்குச் சாப்பிட அழைத்துப் போனார்கள். பஞ்சாலைக்கு மாடு ஆகாது என்று மிஸ் லிம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். மது ஆகாது என்று சொல்லவில்லை. அதைச் சொல்லவேண்டும் என்று பஞ்சாலைக்கே தோன்றவில்லை. சோற்றோடு யாராவது சாராயம் வைப்பார்களா?

வைத்தார்கள். ஏழு பதார்த்தம், ஒவ்வொன்றுக்கும் தனி ஒயின். பதார்த்தம் என்றால் இரண்டு வாய். இவ்வளவு பெரிய தட்டில் இவ்வளவு சின்னச் சோறா என்று அவள் முதல் தட்டைப் பார்த்துத் திகைத்தாள். கஞ்சன் வீட்டுக் கல்யாணத்தில்கூட இதைவிட அதிகம் போடுவார்கள். ஒயின் ஊற்றுவதற்கென்றே ஒரு ஆள் இருந்தார். கழுத்தில் சங்கிலி போட்டு வெள்ளிக் கிண்ணம் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். அவர் வந்து ஊற்றி, எந்த மலை, எந்த வருஷம் என்று குழந்தையை அறிமுகப்படுத்துவதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்.

“எனக்கு வேணாம் மிஸ்” என்றாள் பஞ்சாலை.

“சும்மா ருசி பாருங்க, அக்கா. குடிக்கணும்னு இல்ல” என்று மலாயில் சொன்னார் மிஸ் லிம்.

அவள் குடிப்பதாக இல்லை. ஆனால் கண் முன்னால் இருக்கும் ஒரு பொருளை மோந்து பார்க்காமல் அவளால் இருக்கமுடியாது. கிட்டத்தட்ட முப்பது வருஷம் ரப்பர் பாலையும் அதை உறையவைக்கும் ஆசிட்டையும் மோந்து பிழைத்த மூக்கு அது. மோந்தாள். சம்சு வாடை வந்து முகத்தில் அறையும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கிளிமூக்கு மாங்காயை நறுக்கினால் தோலுக்கு அடியிலிருந்து வருமே, அந்த வாசனை வந்தது. மோந்தால் சத்தியம் முறியாது என்று எண்ணிக்கொண்டாள். உதட்டை நனைத்தாலும் முறியாது என்று எண்ணிக்கொண்டாள். அப்படி எண்ணிக்கொண்டே கிளாஸைக் காலி செய்தாள்.

இதில் யாரும் அவளை ஏமாற்றவில்லை, வற்புறுத்தவும் இல்லை. தெரிந்தே குடித்தாள். பிடித்திருந்தது, குடித்தாள்.

ஆற்று மீனை அரைத்துப் பஞ்சுபோல வேகவைத்த ஒன்று வந்தது. அதனோடு வந்த ஒயின் கல்லைக் கழுவிய தண்ணீர்போலக் குளிர்ந்து இருந்தது. காளான் வந்தது. காளானுக்கு வந்த சிவப்பு ஒயினில், மழை விட்ட காலையில் மரம் சீவப் போகும்போது காலில் மிதிபடும் சருகின் வாசனை அப்படியே இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். புறா வந்தது, அதற்கு இன்னும் கறுத்த ஒயின். பிரெஞ்சுக்காரரின் மனைவி அவள் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆறாவதாக சீஸ் என்ற பாலாடைக்கட்டி வந்தது. மூடியைத் திறந்ததும் பஞ்சாலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோட்டத்தில் பால் கோப்பையிலேயே உறைந்துபோகும் கட்டிப்பாலை மூட்டையில் போட்டு நாலு நாள் வைத்தால் ஒரு நாற்றம் வரும். அந்த நாற்றமேதான். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு துண்டை வாயில் போட்டாள். அந்த ஆள் ஊற்றிய மஞ்சள் இனிப்பு ஒயினை அதன் மேலேயே குடித்தாள். இரண்டும் நாக்கில் சேர்ந்ததும் நாற்றம் எங்கே போனதென்று தெரியவில்லை. முந்திரிப்பருப்பை நெய்யில் வறுத்த மாதிரி ஏதோ ஒன்று வாய் முழுவதும் நின்றது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக ஒரு சாப்பாட்டை அவள் சாப்பிட்டதே இல்லை. பொய் எதற்கு? கல்யாணச் சாப்பாட்டையும் சேர்த்துத்தான்.

ஏழாவது கிளாஸ் முடிந்து வெளியே வந்தபோது மணி நாலு. ஆற்றின் மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் உள்ளங்கையைப் பார்த்தாள். சூடம் அடித்த கை அது.

ஊர் திரும்பியபோது சிரம்பான் பஸ் ஸ்டேஷனுக்கு சன்னாசி மோட்டாரோடு வந்திருந்தான். “நல்லா சாப்பிட்டியா? மெலிஞ்சிருக்க” என்றான். அவள் சாக்லேட் பெட்டியைக் கொடுத்தாள். மற்றதைச் சொல்லவில்லை. ஒன்பது நாள் சொல்லவில்லை. இருபது வருஷமாகப் புருஷன் பொய் சொல்லும்போதெல்லாம் கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்தவள், இப்போது அவன் கண்ணில் படாமல் அடுப்பங்கரையிலேயே நின்றாள்.

பத்தாம் நாள் தோட்டத்துக்கு பஸ் ஏறிப் போய் மாயாண்டியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் ஒரு மோட்டாரின் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

“ஏழா?” என்றான்.

“ஏழு.”

“சாமிக்கு ஒரு எலுமிச்சம்பழம் வெட்டுனா போதும்லா. அது ஒன்னும் பெரிய விசயமில்ல. ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே சத்தியம். உங்க பக்கம் அறுந்தா அவரு பக்கமும் அறுந்துச்சு. நீங்க சொல்லலன்னா, அவரு இல்லாத சத்தியத்தக் காப்பாத்திக்கிட்டு இருப்பாரு.”

“சொன்னா மறுபடி குடிப்பாரே, பூசாரி?”

“குடிக்கலாம்” என்றான் மாயாண்டி. டயருக்குத் திரும்பிவிட்டான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு அதே கணக்குத்தான். சொல்லாவிட்டால் அவன் குடிக்கமாட்டான், நல்லதுதானே? ஒரு சின்னப் பொய்யால் ஒரு மனுஷன் பிழைத்தால் என்ன குற்றம்? அந்த வாதம் அவளுக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. சன்னாசி பேசுகிற மாதிரியே இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் வாசலில் உட்கார்ந்து மோட்டார் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அவள் எதிரில் போய் நின்றாள்.

“என்னங்க, நான் அங்க குடிச்சிட்டேன். ஒயினு. ஏழு கிளாஸு. சத்தியம் போச்சு.”

அவன் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான். திட்டுவான் என்று நினைத்தாள். இல்லாவிட்டால் சிரித்துவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்று நினைத்தாள். அதற்கெல்லாம் தயாராகத்தான் வந்திருந்தாள்.

“எப்படி இருந்துச்சு?” என்று கேட்டான்.

பஞ்சாலை பொய் சொல்லவில்லை. “நல்லா இருந்துச்சுங்க” என்றாள்.

“சொல்லு.”

அவள் தரையில் உட்கார்ந்து சொன்னாள். மாங்காய்த் தோல், சருகு, கட்டிப்பால் நாற்றம் எல்லாவற்றையும் சொன்னாள். சிவப்பு ஒயினைப் பற்றி மட்டும் அவன் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். முடிந்ததும் சங்கிலியில் வழிந்த எண்ணெயைத் துடைத்தான்.

“எனக்கு தெனமும் டியூட்டி முடிஞ்சு வாறப்ப நாக்கு கேக்கும், பஞ்சாலை. அந்த ஜாலான் முனையில, ரோடு பிரியுற எடத்துல வந்தா கை தானா வண்டிய சாராயக் கடைப் பக்கம் திருப்பப் பாக்கும். மூணு வருசமா. நேத்தும் பாத்துச்சு.”

“விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்.”

“விட்டா போயிருமா?”

“ஏன் ஒரு நாளும் சொல்லல?”

“உன்கிட்டயா? நீ அது என்னன்னே தெரியாதவ. உன்கிட்ட எப்படிலா சொல்றது?”

பஞ்சாலைக்கு வெட்கமாக இருந்தது. குடித்ததற்காக அல்ல. தான் ஜெயித்துவிட்டதாக நினைத்த மூன்று வருஷமும் இந்த மனுஷன் தினம் ஒரு முறை தனியாக அந்த முனையைக் கடந்து வந்திருக்கிறான். இவள் சோற்றைப் போட்டு, டிவியைப் போட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறாள்.

அவர்கள் மறுபடி சூடம் அடிக்கவில்லை. கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் வெட்டியதோடு சரி. அன்றிலிருந்து அவன் டியூட்டி முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது அவள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து, “இன்னைக்கு நாக்கு கேட்டுச்சா?” என்று கேட்பாள். “கேட்டுச்சு” என்பான். சில நாள் “ரொம்ப” என்பான். அப்படியான நாளில் இருவரும் மோட்டாரில் பக்கத்து ஊரான பாரோய் வரைக்கும் சும்மா போய்விட்டு வருவார்கள். அதற்குப் பிறகு அவன் உயிரோடு இருந்த எட்டு வருஷத்தில் இரண்டு தடவை குடித்தான். இரண்டு தடவையும் வீட்டு வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, “இன்னைக்குக் குடிச்சிட்டேன், பஞ்சாலை” என்று அவனே சொன்னான். அவள் போய்க் கேட்டைத் திறந்துவிட்டாள்.