பித்தளைப் பாத்திரத்தில் வைத்த தண்ணீர்

நகர சுகாதார ஆபீஸில் நாய்க்கடி சம்பந்தமான காகிதங்கள் எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும். கடித்த நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும். பத்தாம் நாள் அது உயிரோடு இருந்தால் நாயும் பிழைத்தது, கடிபட்டவரும் பிழைத்தார். இடையில் தண்ணீர் குடிக்காமல் மிரண்டால் உடனே எழுதித் தெரிவிக்க வேண்டும். வண்டி வரும்; நாய் போகும். இந்த விதியை எத்தனையோ வீடுகளுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு வைகாசியில் அது என் கொல்லைக்கே வந்து சேர்ந்தது.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்தெருவில் குடியிருந்தோம். நாய் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. லைசென்ஸ் மனுவில் பெயர் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். பெயர் சொல்லிக் கூப்பிடத் தேவையே வந்ததில்லை. நான் செருப்பை மாட்டினால் வாசல்வரை வரும். கையில் குடையும் இருந்தால் வராது. குடை என்றால் ஆபீஸ் என்று அதற்குத் தெரியும். என் மனைவி, தீட்டுப் படக்கூடாத மடித்துணி உலர்த்தியிருந்தால் கொடிக்கு ஐந்தடி தள்ளிச் சுற்றிக்கொண்டு போகும். இதையெல்லாம் யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை, வாழைக்கன்று கேட்டுக் கொல்லைக்கு வந்த எதிர்வீட்டு வக்கீல், தூங்கிக்கொண்டிருந்த அதன் வாலை மிதித்துவிட்டார். கணுக்காலில் இரண்டு பல் பதிந்தது.

“ஓய், உம்ம நாய்க்கு வெறி பிடிச்சிருக்கு!”

“வாலை மிதிச்சா நீர் என்ன பண்ணுவீராம்?”

“எனக்கு வால் இல்லைங்காணும். வயத்துல பதினாலு ஊசி குத்திக்கத் தெம்பும் இல்லை. அது பத்து நாள் சாகப்படாது, சொல்லிட்டேன்.”

நாயைக் கொய்யா மரத்தில் சங்கிலி போட்டுக் கட்டினேன். மறுநாள் எங்கள் ஆபீஸ் டாக்டர், எச்சில் பட்ட பாத்திரத்தை வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். அது தினமும் குடிக்கும் மண்சட்டியை அன்று சாயங்காலமே உடைத்து எறிந்தேன். பதிலுக்கு உள்ளேயிருந்து ஒரு பித்தளை அடுக்குப் பாத்திரத்தை எடுத்துவந்து, எவ்வளவு குடிக்கிறது என்று தெரிவதற்காக ஆணியால் உள்ளே கோடுகள் கிழித்து, மேல் கோடு வரை தண்ணீர் ஊற்றி வைத்தேன். ஆபீஸில்கூட ஒருவருக்கும் தோன்றாத ஏற்பாடு என்று எனக்குப் பெருமை.

புதன்கிழமை முழுவதும் தண்ணீர் மேல் கோட்டிலேயே நின்றது. நாய் அடுக்குக்கு அருகே வரும், முகரும், சட்டென்று பின்வாங்கும். என் முகத்தைப் பார்க்கும். பிறகு சுவரோரம் சட்டி இருந்த இடத்தைப் பார்த்து முனகும். மறுபடி என் முகம். போட்ட சாதத்தையும் தொண்டை அடைத்துப் பாதியில் விட்டது. நான் குறிப்பு எழுதினேன்: ‘தண்ணீரைக் கண்டு பின்வாங்குகிறது. பார்வை நிலையில்லை. விழுங்கச் சிரமம்.’

வியாழன் காலை வக்கீல் தடியூன்றி வந்து எட்ட நின்று பார்த்தார். நாய் அவர் கண்ணெதிரே அடுக்கை விட்டு நகர்ந்தது. அவர் முகம் வெளுத்தது. கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

“எழுதும் ஓய்,” என்றார்.

எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு வண்டி வந்துவிட்டது.

வண்டிக்காரர் சுருக்குக் கயிற்றோடு கொல்லைக்குள் வந்தார்; பின்னாலேயே வக்கீலும் வந்தார். நாய் எழுந்திருக்கவில்லை. அவர் குந்தி உட்கார்ந்து அதன் வாயைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“இன்னா சாமி, நொரை இல்ல, ஒண்ணும் இல்ல. நாக்கு காஞ்சி கீது. தண்ணி வெக்கலியா?”

“இரண்டு நாளாக வைத்தபடி இருக்கிறது. குடிக்கவில்லை. எழுத்துமூலம் தெரிவித்திருக்கிறேன்.”

“நீ எய்தினது நாய்க்குத் தெரியுமா?” என்றபடி அடுக்கைக் காலால் சாய்த்தார். தண்ணீர் மண்ணில் ஓடியது. நாய் பாய்ந்தது. வக்கீல் கிணற்றுச் சுவர்மேல் ஏறிவிட்டார். அது சேற்றோடு சேர்த்துச் சளப்சளப்பென்று நக்கிக் குடித்தது.

“தரையில கீற தண்ணிய குடிக்குது, பித்தளையில கீறத குடிக்கல. இன்னா சாமி கத இது?”

அப்போதுதான் என் மனைவி சமையலறை வாசலுக்கு வந்தாள். கவிழ்ந்து கிடந்த அடுக்கைப் பார்த்தாள்.

“ஏன்னா, அதுலயா வெச்சேள்? அது நாம புழங்கற ஆத்துப் பாத்திரம்னா! போன வருஷம் ஜலக்குடத்துல வாய் வெச்சுதுன்னு விறகாலே ரெண்டு போட்டேன். அன்னிலேர்ந்து பளபளன்னு எதைக் கண்டாலும் கிட்டவே வராதே. செத்தாலும் தொடாது.”

நான் வண்டிக்காரரைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த காகிதத்தைக் காட்டினார். “இட்டுகினு வான்னு எய்தி கீது. வுட்டுட்டுப் போனா என் வேல பூடும் சாமி.”

அதை எழுதியவனுக்கு அதை மாற்றும் வழியும் தெரியும். உத்தரவின் பின்பக்கத்தில், ‘பணியாள் முன்னிலையிலும் கடிபட்டவர் முன்னிலையிலும் தண்ணீர் குடித்தது, கவனிப்புத் தொடரலாம்’ என்று எழுதினேன். ஆனால் நாய்க்குச் சொந்தக்காரன் கையெழுத்து அதில் செல்லாது. வக்கீல் போட வேண்டும்.

அவர் கிணற்றுச் சுவரிலிருந்து இறங்காமலே வாங்கிப் படித்தார். “சேத்தை நக்கறது குடிச்சதா ஆகுமோ?”

வண்டிக்காரர் கயிற்றை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். என் மனைவி உள்ளே போய்ப் பெரிய கொட்டாங்கச்சி ஒன்றில் தண்ணீர் கொண்டுவந்து நாயின் முன்னால் வைத்தாள். அது முதலில் அவள் முகத்தைப் பார்த்தது. “குடி” என்றாள். காலியாயிற்று. இரண்டாவதும் காலியாயிற்று. மூன்றாவது பாதியில் இருக்கும்போது வக்கீல் பேனாவைக் கேட்டார்.

பத்தாம் நாள் விடிந்ததும் முதலில் வந்தவர் அவர்தான். அவரைப் பார்த்ததும் நாய் வாலைக் காலுக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தது. “சௌக்கியமா இருக்கு,” என்று எனக்குச் சொல்லிவிட்டு, வாழைக்கன்றை வாங்கிக்கொண்டு போனார்.

கோடு கிழித்த அடுக்கு கிணற்றடியிலேயே தங்கிவிட்டது. நாய்க்கு வைத்த பாத்திரம் என்று என் மனைவி அதை உள்ளே எடுக்கவில்லை. ஆத்துப் பாத்திரம் என்று நாயும் கடைசிவரை அதில் வாய் வைக்கவில்லை.