படத்தில் இல்லாத நாலாவது பெயர்

“மேடம், நான் பொய் சொல்றேன்னு நெனச்சுப்போட்டாங்க.”

இப்படிச் சொல்லிக்கொண்டுதான் சங்கவி என் அறைக்குள் வந்தாள். எலெக்ட்ரானிக்ஸ் இறுதியாண்டு மாணவி, பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். அவள் அழவில்லை. அழுதிருந்தால் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருப்பேன், எனக்கும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நடந்தது இதுதான். கோயமுத்தூரின் பெரிய பம்ப் கம்பெனி ஒன்று டிசைன் பிரிவுக்கு ஆள் எடுக்க எங்கள் கல்லூரிக்கு வந்திருந்தது. சங்கவி கடைசிச் சுற்று வரை போய்விட்டாள். நீங்களே செய்த வேலை ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். கொப்பரைத் தேங்காயில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளக்கும் கருவியைப் பற்றிச் சொன்னாள். சில மாதங்களுக்கு முன்னால்தான் அது ஒரு மாநிலப் போட்டியில் முதல் பரிசு வாங்கியிருந்தது. கேள்வி கேட்டவர் லேப்டாப்பைத் திறந்து எங்கள் கல்லூரி வெப்சைட்டைப் பார்த்தார்.

“இதுல மூணு பசங்க பேருதானுங்களே இருக்குது? உங்க பேரக் காணமே” என்றாராம்.

பரிசுச் சான்றிதழில் கல்லூரிப் பெயர் மட்டும்தான் இருந்தது. அவளும் சேர்ந்து செய்ததுதான் என்று புராஜெக்ட் கைடு உடனே ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்தார். “லெட்டரு யாரு வேணும்னாலும் வாங்கிட்டு வரலாமுங்க. காலேஜே போட்ட செய்தியில இல்லையே” என்று அதையும் ஓரமாக வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

அந்தச் செய்தியை எழுதியவள் நான்.

இடமிருந்து வலம்

பொறியியல் கல்லூரி எதுவானாலும் வெப்சைட்டில் ‘செய்திகளும் சாதனைகளும்’ என்று ஒரு பக்கம் இருக்கும். எங்கள் கல்லூரியில் அந்தப் பக்கத்தை நான் பல வருடம் எழுதினேன். ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் பிழை இல்லாமல் அடிக்கிறேன் என்று இந்த வேலையைத் தலையில் கட்டிவிட்டார்கள். இப்போது இந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வேலைக்கு ஒரு வழக்கம் உண்டு. செய்தியில் வரும் பெயரும் படத்தில் நிற்கும் முகமும் ஒத்துப்போக வேண்டும். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடமிருந்து வலமாகப் பெயர்களைக் கேட்டு எழுதிவிட்டால் தப்பே வராது என்பது என் நம்பிக்கை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

பரிசு வாங்கி வந்த அன்றைக்கு நாலு பேரும் கேடயத்தோடு என் அறைக்கு வந்தார்கள். எங்கள் போட்டோகிராபர் வேறு ஒரு விழாவில் மாட்டிக்கொண்டிருந்தார். நான் பிள்ளைகளை வெளியே போர்ட்டிகோ படிக்கட்டில் நிறுத்தினேன். எனக்கு போனில் படம் எடுத்தால் கை ஆடும். பக்கத்தில் நின்ற சங்கவியிடம் போனை நீட்டினேன்.

“கண்ணு, நீ ஒண்ணு எடுத்துக் குடு.”

எடுத்துக் கொடுத்தாள். நல்ல படம். கேடயமும் கருவியும் பளிச்சென்று தெரிந்தன. அறைக்குத் திரும்பி, படத்தைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கேட்டேன். அந்த மூன்று பையன்களின் இனிஷியலையும் எனக்குச் சொன்னது சங்கவிதான். ஒருவனுக்கு ‘கே’ இல்லை, ‘ஜி’ என்று திருத்தக்கூடச் செய்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் சொன்னாள். அவள் பெயரை நான் கேட்கவில்லை. எழுதி முடித்ததும் தேங்க்ஸ் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நோட்டு

செவ்வாய்க்கிழமை அவள் ஒரு நீள நோட்டையும் கொண்டு வந்திருந்தாள். பிரித்துப் பார்த்தபோதுதான் நான் செய்த காரியத்தின் அளவு எனக்கு விளங்கியது.

அவள் அப்பா கொப்பரை காயவைக்கும் களம் ஒன்றில் வேலை பார்ப்பவர். வாங்க வருகிற வியாபாரி தேங்காய்ப் பருப்பைக் கையால் ஒடித்துப் பார்த்து, “இன்னும் ஈரமிருக்குதுங்க” என்று விலையைக் குறைத்துவிடுவார். அதற்குப் பதில் சொல்ல யாரிடமும் ஓர் அளவு கிடையாது. அங்கிருந்துதான் இந்தக் கருவியின் யோசனையே வந்திருக்கிறது. லீவில் ஊருக்குப் போன நாளெல்லாம் களத்தில் உட்கார்ந்து, காலையில் எவ்வளவு, உச்சி வெயிலில் எவ்வளவு, மழைத் தூறல் பட்டால் எவ்வளவு என்று எழுதி வைத்திருந்தாள். சர்க்யூட்டை மூன்று முறை மாற்றிய படங்களும் அதிலேயே இருந்தன. ஒரு பக்கத்தில் தேங்காய் எண்ணெய்க் கறை.

மூன்று பையன்களையும் கூப்பிட்டேன். வந்த வேகத்திலேயே ஒருவன் சொன்னான்: “இவ இல்லீன்னா அந்த மெஷினே இல்லீங்க மேடம். செய்தியப் பார்த்தோமுங்க. இவளே ஒண்ணுஞ் சொல்லலையேன்னு நாங்களும் உட்டுப்போட்டோமுங்க.”

“நீ ஏன் கண்ணு அப்பவே சொல்லல?” என்று சங்கவியிடம் கேட்டேன்.

“படத்துல இருக்கறவங்க பேரத்தானே கேட்டீங்க மேடம்?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவளிடமே கோபப்படப் பார்த்தேனே என்று இன்னும் வெட்கமாக இருந்தது.

ஸ்பைரல்

புதன்கிழமை காலை முதல்வர் அறைக்குப் போனேன். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அடுத்த வாரம் அங்கீகாரக் குழு ஆய்வுக்கு வருகிற நேரம். இதே செய்தியை அச்செடுத்து, சாதனைகளுக்கு ஆதாரமாக ஆறு ஃபைல்களில் வைத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டு முடித்திருந்தோம்.

“இப்ப மாத்துனா ஃபைல்ல ஒண்ணு, வெப்சைட்ல ஒண்ணுன்னு ஆயிருமுங்க அம்மணி. குழு போகட்டும். அதுக்கப்பறம் சத்தமில்லாம சேர்த்திக்கலாம்” என்றார்.

“வெள்ளிக்கிழமை அந்தப் புள்ளைக்கு முடிவு சொல்றாங்க சார்.”

“நம்ம செய்தியில நம்மளே திருத்தம் போட்டா, மத்த செய்தியெல்லாம் சரியான்னு கேக்க மாட்டாங்களா?”

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். அதே கேள்வி முந்தின நாளிலிருந்தே என் மனதையும் அரித்துக்கொண்டிருந்தது. நான் எழுதிய இத்தனை செய்திகளில் இன்னும் எத்தனை பேர் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்களோ?

“கேக்கட்டுமுங்க சார். யாரு பண்ணுன தப்புன்னு கேட்டா என் பேரச் சொல்லுங்க. திருத்தத்துலயே என் பேரப் போட்டு எழுதறேன். ஆறு ஃபைலையும் நானே பிரிச்சு, நானே பக்கத்த மாத்தறேன். குழு வாரதுக்குள்ள முடிச்சுப்போடுவேனுங்க.”

ரிட்டயர் ஆக எனக்கு நாலு மாதம் இருந்தது. அந்தத் தைரியமும் சேர்ந்துதான் பேசியது, மறைப்பானேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார்.

“எழுதிட்டு ஒருக்கா காட்டுங்க” என்றார்.

அன்று மதியச் சாப்பாடு கிடையாது. ஸ்பைரல் கம்பியைப் போடுவது சுலபம், எடுத்து மறுபடி மாட்டுவதுதான் உயிரை வாங்கும். மூன்று பையன்களும் தரையில் உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு ஃபைலாகப் பிரித்துக்கொண்டார்கள். நான் திருத்தத்தை எழுதினேன். இன்ன கருவியை உருவாக்கியவர்கள் நால்வர், அதன் அளவீடுகளும் சர்க்யூட்டும் சங்கவியின் பணி, முதலில் வெளியான செய்தியில் அவர் பெயர் விடுபட்டது செய்தி எழுதிய என் தவறு. இவ்வளவுதான். முதல்வரிடம் காட்டிவிட்டு, சாயங்காலம் வெப்சைட்டில் ஏற்றி, அவள் நோட்டைப் பற்றியும் எழுதி கம்பெனிக்கு ஒரு மெயில் அனுப்பினேன்.

வியாழக்கிழமை மத்தியானம், அவளிடம் கேள்வி கேட்ட அந்தக் கம்பெனி அதிகாரியே போன் செய்தார்.

“ஏனுங்க மேடம், அந்தப் புள்ளைகிட்ட நோட்டு ஒண்ணு இருக்குதுன்னு எழுதியிருந்தீங்களே, நாளைக்கு அதோட வரச் சொல்ல முடியுமுங்களா?”

வெள்ளிக்கிழமை போனாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த நோட்டைப் பற்றியே கேட்டார்களாம். வேலை கிடைத்துவிட்டது. வெளியே வந்ததும் முதலில் அவள் அப்பாவுக்கும், அடுத்து எனக்கும் போன் செய்தாள். அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன்.

உங்களுக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். சாதனைச் செய்தி எழுதும்போது படத்தில் இருப்பவர்களின் பெயரை எல்லாம் எழுதி முடித்த பிறகு, படம் எடுத்தது யார் என்று கேளுங்கள். வரமுடியாமல் போனவர் யார், கருவியைத் தூக்கி வந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றவர் யார் என்றும் கேளுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அந்தப் புதன்கிழமை திருத்தத்தோடு போடப் புதுப்படம் வேண்டியிருந்தது. அதே படிக்கட்டில் நாலு பேரையும் நிறுத்தினேன். போட்டோகிராபரைக் கூப்பிடட்டுமா என்று ஒரு பையன் கேட்டான். வேண்டாமென்று சொல்லி, இந்த முறை நானே எடுத்தேன். கை ஆடியதில் படம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது, கீழ் மூலையில் என் கட்டைவிரலும் விழுந்துவிட்டது. அதை வெட்டிவிடலாம் என்று வெப்சைட் பார்க்கிற தம்பி எவ்வளவோ சொன்னார். நான் விடவில்லை. இன்றைக்குப் போய்ப் பார்த்தாலும் படத்தில் நாலு பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள், மூலையில் என் கட்டைவிரல் இருக்கும்.