நோர்வூட்டுக்கு ஒரு வேலைக் கடிதத்தோடு

2008 ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை மலையகத்து நோர்வூட் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. கொழும்பில் அடுக்குமாடி கட்டும் இடமொன்றில் நான் பாதுகாப்பு அலுவலர். காலையில் வாசலில் நின்று ஒவ்வொரு தொழிலாளியையும் கருவியில் ஊத வைத்து, குடித்திருக்கிறாரா என்று பார்ப்பதும் என் வேலைதான். அப்படி நான் வீட்டுக்கு அனுப்பிய யோகராஜைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். கம்பி கட்டுவதில் கெட்டிக்காரர்.

கொழும்புக் கோட்டையிலிருந்து காலை 5.55 ரயில், மூன்றாம் வகுப்பு 110 ரூபா. யாழ்ப்பாண முகவரி உள்ளவர்கள் அரை மணி முன்பே போங்கள். யுத்தக் காலச் சோதனையில் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நாவலப்பிட்டி தாண்டினால் குளிர். ஸ்வெட்டரைப் பையின் அடியில் வைத்த என்னைப் போன்ற மடையர்கள் நடுங்கலாம். பதினொன்றுக்கு ஹட்டன்.

வழியெல்லாம் அந்தக் காலைதான் ஞாபகம். கருவி சிவப்புக் காட்டியது. இருமலுக்கு ஆயுர்வேத அரிஷ்டம் குடித்ததாக யோகராஜ் சொன்னார். எல்லாரும் அளக்கும் கதைதானே என்று நினைத்தேன். அரிஷ்டத்திலும் மதுசாரம் உண்டு. வாய் கொப்பளிக்க வைத்து, இருபது நிமிடம் கழித்து மறுபடி ஊத வைப்பதுதான் முறை. கொங்கிரீட் லொறி வந்து நின்றது, வரிசையும் நீண்டது, நான் அவரை வேலையிலிருந்து நீக்கும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எட்டு மாதம் கழித்து இன்னொருவர் அதே கதையைச் சொன்னபோது காத்திருந்தேன். இரண்டாம் முறை பூச்சியம் காட்டியது. யோகராஜ் சொன்னதும் உண்மையாக இருந்திருக்கலாம் என்று அப்போதுதான் உறைத்தது. மேலாளரோடு சண்டை பிடித்து, யோகராஜைத் திரும்ப எடுக்கும் கடிதத்தை வாங்கினேன்.

ஹட்டனிலிருந்து நோர்வூட் 13 கிலோமீற்றர். பஸ் 28 ரூபா, முக்கால் மணி நேரம். அங்கிருந்து யோகராஜ் இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு ஆட்டோ 150. பெயரைச் சொன்னதும் ஓட்டுநர், "கொழும்புல குடிச்சிட்டு மாட்டினாரே, அவருங்களா?" என்றார்.

லயத்தின் வரிசை வீடுகளில் மூன்றாவது அவருடையது. பகல் ஒன்றரைக்கு யோகராஜ் சுவரோரம் படுத்துக் கிடந்தார். சாராய வாடை வாசல் வரை வந்தது. கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்த மனைவி செல்வராணியிடம் கடிதத்தைக் கொடுத்து, தவறு என்னுடையது என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "அரிஷ்டத்த நான்தாங்க குடுத்துவுட்டேன். கல்யாணமாகி பதினோரு வருசம், அவரு ஒரு சொட்டு தொட்டதில்ல. திரும்பி வந்தப்ப யாருமே நம்பல, எங்க அண்ணன்கூட நம்பல. எப்படியும் குடிகாரன்னுதானே சொல்றாங்கன்னு அப்புறம்தான் ஆரம்பிச்சாரு."

பேச்சுச் சத்தத்தில் யோகராஜ் எழுந்து உட்கார்ந்தார். என்னை அடையாளம் கண்டதும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்:

"ஊதணுங்களா சார்?"

இல்லை என்று தலையாட்டினேன். அழுகை வந்துவிட்டது.

திரும்பும்போது ஆட்டோவை நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள். மழை பிடித்தால் மேலே எதுவும் வராது. வேலைத்தளத்தில் கருவி பிடிக்கிறவர்கள் தயவுசெய்து அந்த இருபது நிமிடம் காத்திருங்கள், லொறி நின்றால் நிற்கட்டும்.

கடிதத்தில் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தது. கணவர் குடியை விடுவதற்கு செல்வராணி ஒரு மாதம் தவணை கேட்டார். வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். யோகராஜ் வந்து நிற்கும் காலையிலும் வாசலில் நான்தான் நிற்க வேண்டும், அவரை ஊதச் சொல்லத்தான் வேண்டும்.