மழை பெய்யாத நாளின் குடை

"…மழையே பெய்யல இல்ல, அப்போ நான் குடை எடுத்துக்கினு போனாலும் சொன்ன வார்த்தை பொய் ஆவாது, போவலன்னாலும் ஆவாது. புரியுதா?" என்றாள் சித்தி. 'மழை பெய்தால் குடை எடுத்துப் போவேன்' என்ற வாக்கியத்துக்காக எங்கள் மண்ணூர் வீட்டுச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸ் கட்டம் போட்டிருந்தாள்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. பகலில் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூரில் அசெம்பிளி லைனில் வேலை. மிச்ச நேரத்தில் தபால் வழியாகக் கம்ப்யூட்டர் படிப்பு. சொல்லித்தர ஆளில்லாததால், சொல்லிப் பார்க்கவாவது ஓர் ஆள் வேண்டுமென்று நாலாம் வகுப்புக்காரியான என்னைப் பிடித்து உட்கார வைப்பாள். தர்க்கப் பாடத்தில் 'மற்றும்', 'அல்லது', 'இல்லை' மூன்றும் சுலபமாகப் போயின. 'என்றால்' வந்ததும் வண்டி நின்றுவிட்டது. முதல் பாதி நடக்கவே இல்லை என்றால் இரண்டாம் பாதி எப்படிப் போனாலும் முழு வாக்கியமும் மெய்தான் என்றது புத்தகம். பிற்பாடு நானும் இந்தப் படிப்பில் இறங்கி, கணக்கின் நிரூபணத்தை மெஷினே சரிபார்க்கும் இடம்வரை தட்டுத்தடுமாறிப் போய்வந்தேன். அந்த 'என்றால்' வரும் இடத்தில் மட்டும் இன்றைக்கும் ஒரு நிமிடம் நின்றுதான் நகர்வேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சித்தியின் கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்த சங்கரன்கோவில் பக்கத்து அண்ணன் ஒருவர், பஸ் நிறுத்தத்தில் என்னையும் வைத்துக்கொண்டே சித்தியிடம், "பெர்மனென்ட் ஆயிட்டா வந்து பொண்ணு கேக்கேன்" என்று சொல்லியிருந்தார். இப்போது அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போகிறார் என்று தெருவே பேசியது. எங்கள் பக்கம் அவர் தலைகாட்டவில்லை.

அம்மா ஒரே சொல்லில் ஆளை எடைபோட்டு ஓரமாக வைத்துவிடுவாள். "பொண்ணு கேக்க வரேன்னுட்டு மூட்டை கட்டிக்கினு கீறான். பொய்யன்."

"பொய் இல்லம்மா" என்றேன், படித்த திமிரில். "பெர்மனென்ட் ஆனா வரேன்னாரு. ஆவல. அப்போ வரலன்னாலும் பொய் இல்ல, வந்தாலும் பொய் இல்ல."

"இதுக்குத்தான் மாசாமாசம் தபால்ல புஸ்தகம் வருதாடி?" என்று தங்கையைக் கேட்டுவிட்டு அம்மா துணி காயப்போடப் போனாள்.

சித்தி சிரிக்கவில்லை. "கடைசியா இன்னா சொன்ன?"

"பெர்மனென்ட் ஆவாம வந்து கேட்டாலும் அவரு சொன்னது பொய் ஆவாது."

கட்டத்தின் மூன்றாவது வரிசையையே, மழை இல்லை ஆனாலும் குடை உண்டு என்ற வரிசையையே, பார்த்துக்கொண்டிருந்தாள். "இது அந்தாளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவரு ஐடிஐதானே" என்றேன்.

சித்தி எழுந்தாள். சாக்பீஸ் கையைப் பாவாடையில் துடைத்து, தாவணியைச் சரியாக இழுத்துச் செருகிக்கொண்டு செருப்பை மாட்டினாள். கடைக்குத்தான் கிளம்புகிறாள் என்று நினைத்து, எனக்குக் கடலை மிட்டாய் வேண்டுமெனக் கத்தினேன். அவள் கடையைத் தாண்டி, வெளியூர்ப் பையன்களோடு அந்த அண்ணன் குடியிருந்த வரிசை வீடுகளைப் பார்த்து, தெருவே பார்க்கப் பட்டப்பகலில் நடந்து போனாள்.