கேட்கும் முன்னே திரும்பிப் படுத்தவர்

1. எல்லோரும் பாஸ்

நல்ல மார்க் வந்தால் சந்தோஷப்பட வேண்டும். அன்றைக்கு எனக்கு அது வரவில்லை. எங்கள் ஆராய்ச்சியில் கலந்துகொண்ட இளம் டாக்டர்களில் ஒருவரைத் தவிர அத்தனை பேரும் ஒரே நோயாளிக்கு ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்கள். அதுவும் சரியான பதில். போன வாரம் சாதாரண ஆஸ்துமாவுக்கே திணறியவர்கள், இந்த வாரம் லேசில் காதுக்கு எட்டாத ஒரு இதயச் சத்தத்தைப் பிடித்துவிட்டார்கள். பதில் எங்கேயோ கசிந்திருக்கிறது என்று எனக்கு அப்போதே பட்டுவிட்டது.

நான் ராஜபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்து, நர்சிங் சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவள். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், அதே மருத்துவமனையில் நடந்த ஆராய்ச்சிக்கு உதவியாளராகப் போனேன். மருந்து அலமாரிச் சாவியை வருஷக்கணக்கில் இடுப்பில் செருகியிருந்தவளுக்கு யாரையும் லேசில் நம்ப வராது. மருமகள் காபியில் சர்க்கரை போடவில்லை என்று சொன்னால்கூட ஒரு வாய் குடித்துப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்வேன்.

ஆராய்ச்சியை நடத்தியவர் பேராசிரியர் டாக்டர் ஜெபராணி. நோயாளியைப் பார்த்து ‘இது இந்த நோய்’ என்ற முடிவுக்கு ஒரு டாக்டர் எப்படி வந்து சேருகிறார், அந்த யோசனையை எப்படிக் கற்றுக்கொள்கிறார் என்பதுதான் விஷயம். மேற்படிப்பு டாக்டர்கள் ஒவ்வொருவராக அறைக்குள் வருவார்கள். நோயாளியிடம் பேசி, சோதித்துவிட்டு, என்ன நினைத்தோம், எதை வைத்து நினைத்தோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே போகிறவரை ரெக்கார்டர் ஓடும். நோயாளியைத் தயார் செய்வது, டெம்பரேச்சர், பிபி பார்ப்பது, ரெக்கார்டிங்கைப் பத்திரப்படுத்துவது எல்லாம் என் வேலை.

2. எக்ஸாம் கேஸ்

மருத்துவப் படிப்பில் ஒரு வழக்கம் உண்டு. நாள்பட்ட நோய் உள்ள, ஆனால் நடமாடிக்கொண்டிருக்கிற ஆட்களைப் பிராக்டிகல் பரீட்சைக்குக் கூப்பிடுவார்கள். ‘எக்ஸாம் கேஸ்’ என்று பெயர். ஒருவருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கும், இன்னொருவருக்கு ஒரு பக்கம் கை கால் வராது. வருஷா வருஷம் அதே ஆட்கள்தான் வருவார்கள். அவர்களைத்தான் நாங்களும் கூப்பிட்டிருந்தோம்.

அதில் பெரிய ஆள் முத்தையா அண்ணாச்சி. ஊர் வ. புதுப்பட்டி, தென்னந்தோப்பில் வேலை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இதய வால்வு ஒன்று சுருங்கிவிட்டது. மைட்ரல் ஸ்டெனோசிஸ். மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தார். அவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் படிக்காத டாக்டர் இந்தப் பக்கம் குறைவு. இந்த வருஷம் சேர்ந்த எங்கள் பிள்ளைகள்தான் இன்னும் அவரைப் பார்த்ததில்லை.

“வாங்க டாக்டரு, பயப்படாமப் பாருங்க. நான் என்ன கடிச்சா தின்னுறப் போறேன்?” என்பார், உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும்.

அந்த வாரம் வெள்ளை வேட்டியில் வந்தார். டெம்பரேச்சர் பார்த்தேன், நார்மல். ஏசி அறையில் அவர் சட்டையின் முதுகு நனைந்திருந்தது. இந்த மனுஷன் எதற்கு இப்படி வேர்க்கிறார், எதையோ மறைக்கிறார் என்று மனதில் குறித்துக்கொண்டேன். மறைத்தது உண்மைதான். எதை என்பதில்தான் நான் வேறு பக்கம் போய்விட்டேன்.

3. யாரைச் சந்தேகப்படுவது?

ஒருவரை விடவில்லை. வெளியே வந்த டாக்டர் உள்ளே போகிறவருக்குச் சொல்லிவிட்டாரா? செல்போனை எல்லாம் நான்தான் வாங்கி வைத்திருந்தேன், இரண்டு பேரும் சந்திக்காமல் இரண்டு கதவில் விட்டிருந்தேன். ஆஸ்பத்திரி மேனேஜர் மேலும் ஒரு கண் இருந்தது. எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர்களை மட்டம் தட்டத்தான் இந்த ஆராய்ச்சி என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மானத்தைக் காப்பாற்ற அவரே விடையைக் கசிய விட்டிருக்கலாம். பேராசிரியரைக்கூட ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தப்பாகச் சொன்ன அந்த ஒருவர் டாக்டர் இசக்கியம்மாள். திருநெல்வேலிப் பக்கம். அதிகம் பேசாத பெண், எதிலும் மெதுவு. அவர் சொன்ன பதில் இது: “பழைய வால்வு நோய் இருக்கு. ஆனா இன்னைக்கு இவரப் படுத்துறது அது மட்டும் இல்ல. வால்வுல கிருமி தொத்தியிருக்கோன்னு சந்தேகம். ரத்தம் எடுத்து, கிருமி வளருதான்னு கல்ச்சர் பண்ணிப் பாக்கணும்.”

வெளியே வந்ததும் அதையே பேராசிரியரிடமும் சொன்னார். பேராசிரியர் என் பக்கம் திரும்பினார்.

“டெம்பரேச்சர் நார்மல்தானே சிஸ்டர்?”

“நார்மல்தான் மேடம்.”

“அப்போ ஓவர் டயக்னோசிஸ், இல்லாத நோயச் சொல்றாங்க. வேணும்னா ஓ.பி.க்கு வரச் சொல்லுங்க.”

இசக்கி வரச் சொன்னதற்கு “அடுத்த வாரம் வாரேன் டாக்டரம்மா” என்று கும்பிடு போட்டுவிட்டு அண்ணாச்சி பஸ் ஏறிவிட்டார். எல்லோரையும் போல இருக்கக் கூடாதென்று இந்தப் பெண் வேண்டுமென்றே வித்தியாசமாகச் சொல்லியிருக்குமோ என்று அவரையும் என் சந்தேகக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

4. கட்டில் சத்தம்

மறுநாள் மதியம் ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டிலேயே உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டி, ரெக்கார்டிங்குகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். யாராவது “மைட்ரல்” என்று முணுமுணுக்கிறார்களா என்றுதான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றிலும் ஒரு கட்டில் சத்தம் இருந்தது. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்ததும் கட்டில் கிறீச்சிடுகிறது, அண்ணாச்சி மூச்சை நீளமாக வெளியே விட்டுப் பிடித்துக்கொள்கிறார். எந்த டாக்டரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, மூச்சை விட்டுப் பிடித்தால்தான் அந்த வால்வுச் சத்தம் கேட்கும். எந்த நோயாளியை அப்படிப் படுக்க வைக்க வேண்டும் என்று தெரிவதே பாதிப் பரீட்சை. அண்ணாச்சியோ கேட்கும் முன்னே திரும்பிப் படுத்துவிடுகிறார். வாய் திறக்காமல் முழு விடையும் கொடுத்துவிடுகிறார். பாவம் பிள்ளைகள் பாஸாகட்டும் என்ற நல்ல மனசு.

கள்ளனைப் பிடித்துவிட்ட தெம்பில் இசக்கியின் ரெக்கார்டிங்கைப் போட்டேன். அதிலும் கட்டில் கிறீச்சிட்டது. உடனே இசக்கியின் குரல்: “ஐயா, திரும்ப வேண்டாம். நேராப் படுங்க. போன மாசம் செஞ்ச வேலையில இப்ப எது முடியல?”

கட்டில் மறுபடியும் கிறீச்சிடுகிறது. பிறகு அண்ணாச்சி சொல்கிறார்: “மாட்டுக்குத் தண்ணி எடுத்து வைக்க முடியல டாக்டரம்மா. பாதியில ஒக்காந்துருதேன்.”

என் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கேள்வியை வேறு ஒருவரும் கேட்கவில்லை. இசக்கிக்குப் போன் போட்டேன்.

“அவரு தானா திரும்பினதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு சிஸ்டர். கேக்காமக் குடுக்காரே, வேற எதக் குடுக்காம வச்சிருக்காருன்னு தோணிச்சு. நகத்துக்கு அடியில கீறின மாதிரி செவப்புக் கோடு இருந்துச்சு. மண்ணீரல் வீங்கி கையில தட்டுச்சு. ரெண்டுமே வால்வுல கிருமி இருந்தா வரக்கூடியது. சட்டை வேற நனைஞ்சிருந்துச்சு. காய்ச்சல் மாத்திரை போட்டா அப்படித்தான வேர்க்கும்?”

நானும் பார்த்த வேர்வைதான் அது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வால்வில் கிருமி உட்கார்ந்தால் வால்வையே அரித்துவிடும். கவனிக்காமல் விட்டால் ஆள் மிஞ்சுவது கஷ்டம். அண்ணாச்சிக்குப் போன் போட்டால் சுவிட்ச் ஆஃப்.

5. நீங்க நல்லாருந்தா நான் ஃபெயிலு

அன்று சாயங்காலமே இசக்கி ராஜபாளையத்திலிருந்து காரில் வந்து என்னை ஏற்றிக்கொண்டார். ரத்தம் எடுக்கும் பாட்டில்களையும் கையோடு கொண்டுவந்திருந்தார். கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பஸ்கள் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்ததில் மாட்டிக்கொண்டோம். 

அண்ணாச்சி வாசலில் நாற்காலியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் போர்வையைச் சுருட்டிக் காலடியில் போட்டார்.

“காய்ச்சலா? எனக்கா? சிஸ்டரம்மா, நீங்கதான பாத்தீக? நார்மல்னு சொன்னீகள்ல?”

உள்ளேயிருந்து அவர் சம்சாரம் பேச்சியம்மாள் வந்தார். “மாத்திரைய முழுங்கிட்டுல்ல பஸ் ஏறுதாரு. பொழுது சாஞ்சா குளுருதுங்காரு. ஆசுபத்திரிக்குப் போவோம்னா வள்ளுனு விழுதாரு.”

“ஏட்டி, நீ உள்ள போ!”

“எதுக்கு அண்ணாச்சி மறைச்சீங்க?” என்றேன். கோபம்தான் வந்தது எனக்கு.

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். “மம்சாபுரத்துக்காரரு ஒருத்தரு வருவாருல்லா, ஈரல் வீக்கம்? இருமுதுன்னு ஒரு வார்த்த சொன்னாரு. அந்தானைக்கு அவர விட்டுட்டு வேற ஆளக் கூப்பிட்டாக. பொறவு அவர யாரு தேடுனா? எம்புட்டு டாக்டரு எங்கிட்டப் படிச்சிருக்காக. தோப்புல தேங்கா பொறுக்குத எடத்துல என்னைய யாரு ஐயான்னு கூப்பிடுதா?”

 இசக்கி கீழே அவர் காலடியில் உட்கார்ந்தார்.

“ஐயா, நான் சொன்ன பதிலத் தப்புன்னு போட்டுட்டாக. நீங்க நல்லாருந்தா நான் ஃபெயிலு. ரத்தம் குடுங்க. நான் ஃபெயிலா இல்லையான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க.”

அண்ணாச்சி யோசித்தார். டாக்டர்களுக்குப் பரீட்சை வைத்தே பழகியவர் இல்லையா? சட்டைக் கையைச் சுருட்டினார்.

“ஃபெயிலானா அழக் கூடாது.”

“சந்தோசப்படுவேன்யா.”

காரிலேயே அவரையும் பேச்சியம்மாளையும் கூட்டிவந்து வார்டில் சேர்த்தோம். கல்ச்சரில் கிருமி வளர்ந்தது. ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு இசக்கி வார்டுக்குப் போனபோது நானும் கூட இருந்தேன். அண்ணாச்சி தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து, “என்ன டாக்டரம்மா, பாஸா?” என்றார்.  இசக்கி தலையை ஆட்டினார், கண் நிறைந்துவிட்டது. “பாஸானதுக்கு யாராச்சும் அழுவாகளா?” என்று அண்ணாச்சிதான் தேற்றினார்.

மதுரைக்கு அனுப்பினோம். வாரக்கணக்கில் ஊசி போட்டார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால் வால்வு கிழிந்திருக்கும் என்று அங்கே சொன்னார்களாம். உடம்பு பாதியாகி வீட்டுக்குத் திரும்பினார். திரும்பினாரே, அது போதும்.

6. விடை யாருடையது?

ஒரு கேள்வி மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் ஏமாந்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டது. மார்க் போட்ட பெரியவர்கள் எப்படி ஏமாந்தார்கள்?

ஆராய்ச்சிக் கூட்டத்தில் கேட்டேவிட்டேன். “மேடம், அண்ணாச்சிக்கு இதுதான் சரியான விடைன்னு யாரு முடிவு பண்ணது?”

“நாங்க எல்லாரும் சேர்ந்துதான் சிஸ்டர். அவருக்கு மைட்ரல்னு எல்லாருக்குமே தெரியுமே.”

“இந்த வருஷம் அவரத் தொட்டுப் பார்த்தது யாரு?”

டாக்டர் ஜெபராணி நேர்மையான மனுஷி. மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த சீனியர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.  விடை எழுதியவர்களில் ஒருவர்கூட அந்த வருஷம் அவர் மேல் கை வைக்கவில்லை. பழைய பரீட்சையின் விடையை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, அதை ஒட்டிப் போனவர்களைக் கெட்டிக்காரர்கள் என்றும், அந்த மனுஷனைப் பார்த்தவரை ஃபெயில் என்றும் போட்டிருந்தோம்.

அந்தக் கேஸின் மார்க் எல்லாவற்றையும் பேராசிரியர் அன்றே ரத்து செய்தார். டாக்டர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய வந்தவர், தாங்கள் யோசிக்காமல் விட்டதையும் சேர்த்து எழுதினார். அதற்காக அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

இந்த வேலைக்கு வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். சந்தேகப்படுங்கள், தப்பே இல்லை. ஆனால் ஆளைச் சந்தேகப்படுவதில் நேரத்தைப் போக்காதீர்கள். கஷ்டப்படாமல் கைக்கு வந்த விடையைச் சந்தேகப்படுங்கள். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று யாராவது சொன்னால், அங்கே இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள்.

இப்போதும் கூப்பிட்டால் ஆராய்ச்சி வேலைக்குப் போகிறேன். நோயாளியோடு சேர்த்து நோயின் பேரையும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு நோயாளி எதிரில் உட்கார்ந்து, “இன்னைக்கு உங்களுக்கு என்ன செய்யுது?” என்று கேட்கிறேன். பெரும்பாலும் பழைய நோயின் பேரைத்தான் அவர்களும் சொல்கிறார்கள். “அது தெரியும். இன்னைக்கு என்ன செய்யுது?” என்று மறுபடியும் கேட்கிறேன்.